கழற்றி ஒளித்த சக்கரங்கள்

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடங்கள் ஆகியிருக்கும். ஆயுத பூஜைக்குச் சில வாரங்கள் முன்பு, பெங்களூரில் மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த சமயம். அப்போது நான் வாகன இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தேன். அடிபட்ட வண்டியைப் போய்ப் பார்த்து, எது உடைந்தது, ஏன் உடைந்தது, கம்பெனி எதற்குப் பணம் தரலாம், எதற்குத் தரக்கூடாது என்று ரிப்போர்ட் எழுதுகிற வேலை. பணம் தருவது கம்பெனி, ஊர் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வது நான்.

இந்தத் தொழிலில் கொஞ்ச காலம் இருந்தாலே மனிதர்கள் மேல் இருக்கிற நம்பிக்கை கழன்று விழுந்துவிடும். என்னைப் பார்த்ததும் முதலில் காபி வரும், பின்னாலேயே பொய் வரும். நிறுத்தி வைத்த வண்டியை எவனோ இடித்துவிட்டுப் போய்விட்டான் என்பார்கள். இல்லையென்றால் நாய் குறுக்கே வந்திருக்கும். என் ரிப்போர்ட்டுகளை ஒருவர் உட்கார்ந்து படித்தால், பெங்களூர் நாய்களுக்கு ரோட்டைக் கடப்பதைத் தவிர வேறு பிழைப்பே இல்லை என்று நினைத்துக்கொள்வார். நானும் எல்லாவற்றையும் சிரித்த முகத்தோடு கேட்டுக்கொள்வேன். நம்புவது மட்டும் கிடையாது.

ஒரு நாள் காலையில் கம்பெனியிலிருந்து போன் வந்தது. ஓசூர் ரோட்டில் அத்திபெலே பக்கத்தில், பழுதாகி ரோட்டிலேயே நின்றிருந்த ஒரு லாரியின் பின்னால் ஒரு சின்ன கார் மோதியிருக்கிறது. மாலை இருட்டுகிற நேரம், நல்ல மழை. ஓட்டி வந்த பையன் அந்த இடத்திலேயே இறந்துவிட்டான். சாஃப்ட்வேர் கம்பெனி வேலை, இருபத்து நாலு வயது, வீட்டுக்கு ஒரே பிள்ளை. காரியமெல்லாம் முடிந்துவிட்டது, வண்டி பொம்மனஹள்ளிப் பக்கம் ஒரு கேரேஜில் கிடக்கிறது, போய்ப் பாருங்கள் என்றார்கள். கேமராவில் புது ஃபிலிம் ரோலைப் போட்டுக்கொண்டு, ஜோகுபாளையத்தில் இருந்த என் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பினேன்.

வண்டியின் முன்பக்கம் அப்பளமாக நொறுங்கியிருந்தது. லாரியின் பின்பலகை கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வந்திருந்தது. சீட்டுக்கடியில் ஆபீஸ் அடையாள அட்டை ஒன்று கிடந்தது. அதிலிருந்த முகத்தைப் பார்க்க மனம் வராமல் சக்கரங்கள் பக்கம் குனிந்துகொண்டேன். குனிந்ததும் எனக்குப் பழக்கமான கோபம் வந்தது.

இடது மட்கார்டு கசங்கி, உள்பக்கமாக மடிந்து, கூராக நீட்டிக்கொண்டு நின்றது. அந்தக் கூர் குத்த வேண்டிய இடத்தில் சக்கரம் சிறு கீறல்கூட இல்லாமல் இருந்தது. நடுவில் இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி. அது போதாதென்று, நாலு சக்கரத்திலும் போன வருடம் ஆயுத பூஜைக்கு வைத்த மஞ்சளும் குங்குமமும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு வருடம் மழையிலும் சேற்றிலும் ஓடிய வண்டியில் குங்குமம் எங்கே நிற்கப்போகிறது? இவை பரணில் கிடந்த சக்கரங்கள் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

கேரேஜ்காரரைக் கூப்பிட்டு, வண்டியில் இருந்த சக்கரங்கள் எங்கே என்று கேட்டேன். சிவாஜி நகர்க்காரர், தமிழும் கன்னடமும் கலந்துதான் பேசுவார்.

“இதுதானே ஸார் வீல்?”

“போன வருஷத்துக் குங்குமத்தோட அத்திபெலே வரைக்கும் போயி மோதிட்டு வந்துச்சா?”

அவர் தலையைச் சொறிந்தார். “பேடா ஸார், வேணாம், பெரிசு பண்ணாதீங்க. பையன் அலாய் வீல் போட்டிருந்தான். அவங்க அப்பாதான் ஆட்டோல இந்தப் பழைய வீலைக் கொண்டாந்து, அதைக் கழட்டிட்டு இதை மாட்டுன்னாரு. ஊர்ல எல்லாரும் பண்றதுதானே ஸார்?”

எல்லோரும் செய்கிறதுதான். வண்டி வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்பதால் அதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். தொழிற்சாலையிலிருந்து கார் எப்படி வந்ததோ, அதற்குத்தான் பாலிசி. சாதாரண இரும்புச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு விலை கூடிய, அகலமான அலாய் சக்கரம் மாட்டினால் கம்பெனிக்குச் சொல்லிவிட வேண்டும். அவர்கள் அதன் விலையையும் சேர்த்து, பிரீமியத்தில் கொஞ்சம் கூட வாங்கிக்கொண்டு, பாலிசியில் எழுதிவிடுவார்கள். நம் ஜனங்கள் அந்தக் கொஞ்சத்தை மிச்சம் பிடிப்பார்கள். ஃபுல் இன்சூரன்ஸ் போட்டாச்சே, இன்னும் என்ன என்பார்கள். சொல்லாமல் விட்டால் அந்தச் சக்கரம் திருடு போனாலும் உடைந்தாலும் அதற்குப் பணம் கிடையாது. அதோடு போகாது. விபத்து நடந்தால், இந்தச் சக்கரத்தால்தான் நடந்ததோ என்று கம்பெனி கேட்கும். ஆமாம் என்று ஆகிவிட்டால் மொத்த கிளெய்முக்கும் ஆபத்து. அதற்குப் பயந்துகொண்டுதான், சர்வேயர் வருவதற்குள் பழைய சக்கரத்தை மாட்டி வைக்கிறார்கள். இருப்பதிலேயே மோசமான காரியம் அதுதான். ஏமாற்றப் பார்த்தார்கள் என்று கம்பெனி ஃபைலையே மூடிவிடும்.

ஆனால் எனக்கு வந்த கோபம் சட்டத்துக்காக வந்தது இல்லை. பெற்ற பிள்ளை போன துக்கத்திலும் ஒரு மனிதருக்குச் சக்கரத்தை மாற்றிவைக்கத் தோன்றியிருக்கிறதே என்று வந்த கோபம் அது. ஒரு படம்கூட எடுக்காமல் கேமராவை மூடிவைத்தேன். எப்படியும் பையனின் லைசென்ஸ் நகல் வாங்க அந்த வீட்டுக்குப் போகத்தான் வேண்டும். நேரில் நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று முடிவு செய்து, அன்று சாயங்காலமே ஈஜிபுராவுக்குப் போனேன்.

ஒரு சந்துக்குள் மாடி வீடு. குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்து பல வருடங்களாக அங்கே வாடகைக்கு இருக்கிறவர்கள். அப்பா ஒரு கார்மென்ட்ஸ் தொழிற்சாலையில் கட்டிங் மாஸ்டர். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். பையனின் படத்துக்குப் போட்டிருந்த மாலை வாடியிருந்தது. அம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். நான் யார் என்று கணவர் சொன்னதும் அந்த அம்மாவின் முகம் மாறியது.

“அண்ணா, நீங்க வண்டியப் பாத்தீங்களா? அந்தச் சக்கரத்தப் பாத்தீங்களா? நல்லா இருந்த சக்கரத்தக் கழட்டிட்டு, இவன் பொறந்தநாளுன்னு ஃபிரெண்டுங்க எல்லாம் சேந்து பெரிசு பெரிசா மாட்டிவுட்டானுங்க. அதுதான் வெடிச்சு, என் புள்ளையக் கொண்டுபோயி லாரிக்கடியில சொருவிடுச்சு.” மூச்சு வாங்கியது. “அத மாட்டின கை வெளங்காம போவணும் அண்ணா. அந்தக் கை சோறு அள்ளித் தின்னக் கூடாது.”

காரியத்துக்கு வந்த உறவுக்காரர் ஒருவர், டயர் வெடித்துத்தான் வண்டி இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று தனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அன்றிலிருந்து இந்த அம்மாவுக்கு அதுவே பிடித்துக்கொண்டது. துக்கம் கேட்க வந்த பையனின் நண்பர்களை வாசலிலேயே நிறுத்தி, வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் துரத்தியிருக்கிறார். இதையும் அவரேதான் சொன்னார். அந்தப் பையன்கள் அதற்குப் பிறகு அந்தச் சந்துப் பக்கமே வரவில்லையாம்.

எனக்குக் காபி கொண்டுவந்த அப்பா சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார். துக்கத்தில் நின்றுவிட்டார் என்றுதான் அப்போது நினைத்தேன்.

காகிதங்களை வாங்கிக்கொண்டு இறங்கினேன். அவரும் கூடவே தெருவுக்கு வந்தார். கேட்க நினைத்த நாலு வார்த்தையை நான் எடுப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

“சார், நீங்க கேரேஜ்ல கண்டுபிடிச்சிருப்பீங்க. எனக்கு கிளெய்ம் வேணாம் சார். ஒரு பைசா வேணாம். அந்தச் சக்கரம்ங்கிற பேச்சு மட்டும் ரிப்போர்ட்ல வராம எழுதிக் குடுத்துடுங்க.”

“பணம் வேண்டாம்னா எதுக்குச் சக்கரத்த மாத்துனீங்க?”

அவர் வலது கையை என் முன்னால் நீட்டினார். “மாட்டின கை மாட்டின கைன்னு திட்டுறாளே, அது இதுதான் சார்.”

தெருவிளக்குக் கம்பத்தில் சாய்ந்துகொண்டு, விட்டு விட்டுச் சொன்னார். பையனுக்கு வேலை நிரந்தரமானதும் பழைய கார் ஒன்றை வாங்கினான். ஜே.சி. ரோடு பக்கம் போகும்போதெல்லாம் ஒரு கடை வாசலில் நின்று அலாய் சக்கரங்களையே பார்த்துக்கொண்டிருப்பானாம். வாயைத் திறந்து கேட்க மாட்டானாம். போன வருடம் ஆயுத பூஜை முடிந்த கையோடு, பண்டிகை போனஸில் அப்பாவே வாங்கிக் கொடுத்திருக்கிறார். வீட்டில் தெரிந்தால், ஓடுகிற சக்கரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு இப்படி ஒரு தண்டச் செலவா என்று ரகளை ஆகும். அதனால் நண்பர்கள் பரிசு என்று அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து ஒரு கதை கட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய டூத் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு அந்தச் சக்கரங்களைத் தேய்ப்பானாம். அம்மா பக்கத்தில் வந்தால் அப்பாவைப் பார்த்துக் கண்ணடிப்பானாம். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு பார்க்கப் பொறுக்கவில்லை.

“சக்கரத்தாலதான் விபத்துன்னு கம்பெனியில எழுதி, அது வீட்டுக்கு வந்துச்சுன்னா, எந்தக் கடை, யார் வாங்கினதுன்னு எல்லாம் வெளிய வந்துடும் சார். அதுக்குத்தான் கழட்டச் சொன்னேன்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “அந்தச் சக்கரம்தானா சார்? உங்களுக்குப் பாத்தா தெரியும்ல? எதுவா இருந்தாலும் எங்கிட்டச் சொல்லிடுங்க” என்றார்.

அவர் மேல் நான் சுமத்தி வைத்திருந்த அசிங்கமெல்லாம் அந்த இடத்திலேயே என் மேல் வந்து விழுந்தது. ஆறுதலுக்கு ஏதாவது சொல்லலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் தெரியாததை எப்படிச் சொல்வது? அது தெரிய வேண்டும் என்றால் அந்தச் சக்கரங்களைப் பார்க்க வேண்டும், வெறுமனே பார்த்தால் போதாது, வண்டியில் இருந்தபடியே திரும்ப மாட்டிப் பார்க்க வேண்டும் என்றேன்.

“பாத்து, அதுதான்னு ஆயிட்டா?”

“ஆயிட்டா எழுதித்தான் ஆகணும். மறைக்க மாட்டேன்.”

அவர் மாடியை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தார். உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. “காலையில வர்றேன் சார்” என்று சொல்லிவிட்டுப் படியேறினார்.

மறுநாள் காலையில் நான் போனபோது அவர் கேரேஜுக்குப் பக்கத்து ஓட்டலில் இருந்தார். கேரேஜ்காரர் வற்புறுத்தி இட்லி வாங்கிக் கொடுத்திருந்தார். பையனின் அப்பா அதை ஸ்பூனால் விண்டு விண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். குடியாத்தத்துக்காரர் இட்லிக்கு ஸ்பூன் கேட்கிறாரே என்று வேடிக்கையாக இருந்தது. தொழிற்சாலைப் பழக்கம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

கேரேஜின் பின்பக்கம் சாக்குகளுக்கு அடியிலிருந்து நாலு அலாய் சக்கரங்களையும் உருட்டிக்கொண்டு வந்தார்கள். மூன்று நன்றாக இருந்தன. இடது முன்சக்கரத்தின் டயர் மட்டும் பக்கவாட்டில் ஒரு முழ நீளத்துக்குக் கிழிந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அந்த மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். உண்மையைச் சொன்னால் எனக்கும் பக்கென்றது. வெடித்த டயர் பார்க்க அப்படித்தான் இருக்கும்.

வெளியே போய் இருங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். தலையை மட்டும் ஆட்டினார், எழுந்திருக்கவில்லை. சரி என்று வேலையை ஆரம்பித்தோம். கழற்றும்போது மட்கார்டில் கை வைத்தீர்களா என்று கேரேஜ்காரரைக் கேட்டேன். காற்றில்லாத டயர் என்பதால் வளைத்து உருவிவிட்டோம், தகரத்தைத் தொடவே இல்லை என்றார். அப்படியானால் தகரம் மோதியபோது மடிந்தபடியே இருக்கிறது, அந்த ஒரு பதிலில்தான் எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. குங்குமம் வைத்த இரும்புச் சக்கரத்தைக் கழற்றினோம். கிழிந்த டயரோடு அலாய் சக்கரத்தைப் பழையபடி உள்ளே நுழைத்து நட்டுகளை முடுக்கினார்கள். செத்த வண்டிக்குச் சக்கரம் மாட்டுகிறோமே என்று எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

டார்ச்சை எடுத்துக்கொண்டு படுத்தேன். முதலில் கண்ணில் பட்டது நான் பயந்ததுதான். சக்கரக் குழிக்குள் பிளாஸ்டிக்கில், அகலமான டயர் உரசிய கறுப்புத் தடம். அவரும் என் பக்கத்திலேயே குனிந்து பார்த்தார். அது என்ன சார் என்று கேட்டார். பொறுங்கள் என்றேன். அந்தத் தடம் உள்பக்கம் இருந்தது. டயர் கிழிந்தது வெளிப்பக்கம். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது லேசாக உரசியிருக்கிறது, டயரின் உள்பக்கத்தில் நூல் அளவுகூடத் தேய்மானம் இல்லை.

பிறகு சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றச் சொன்னேன். கிழிசல் மேலே வந்து, மட்கார்டின் அந்தக் கூரான மடிப்புக்கு நேராக நின்றது. நிறுத்தச் சொல்லிவிட்டு டயரை விரலால் அழுத்தினேன். மடிப்பு அந்தக் கிழிசலுக்குள் உறைக்குள் கத்தி போவது போலப் போய் உட்கார்ந்தது. நேற்று அந்தக் கூருக்கு முன்னால் இருந்த இரண்டு விரல் இடைவெளி இப்போது இல்லை. கிழிசலின் ஓரத்தில், ரப்பருக்குள், காரின் வெள்ளைப் பெயின்ட் ஒட்டியிருந்தது. எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டேன்.

அது மட்டும் போதாது என்று டயரை ரிம்மிலிருந்து கழற்றச் சொன்னேன். டயர் முதலில் வெடித்து, அதற்குப் பிறகு வண்டி ஓடியிருந்தால், உள்ளே ரப்பர் அரைபட்டுக் கறுப்பு மாவாகக் கொட்டும். ரிம்மின் விளிம்பு தாரில் தேய்ந்து ரம்பம் மாதிரி ஆகியிருக்கும். உள்ளே சுத்தமாக இருந்தது. விளிம்பு, அந்தப் பையன் தேய்த்து வைத்த பளபளப்போடு அப்படியே இருந்தது. விபத்து நடந்த இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதிய மகஜரில் பிரேக் தடம் லாரி வரை நேராக இருந்ததாக எழுதியிருந்ததும் இதோடு பொருந்தியது. பையன் பிரேக்கை மிதித்திருக்கிறான், சக்கரங்கள் பிடித்திருக்கின்றன, ஆனால் லாரியைப் பார்த்ததே பக்கத்தில் வந்த பிறகுதான். லாரிக்குப் பின்விளக்கும் இல்லை, பளபளக்கிற பட்டையும் இல்லை. ரெண்டு கல்லும் ஒரு மரக்கிளையும் வைத்துவிட்டு லாரிக்காரர் மெக்கானிக்கைத் தேடிப் போயிருந்தார்.

எழுந்து அவரிடம் சொன்னேன். “மோதின பிறகுதான் டயர் கிழிஞ்சிருக்கு. அது வரைக்கும் சக்கரம் நல்லாத்தான் இருந்துச்சு. இது காரணம் இல்லை. எழுதியே தர்றேன்.”

அவர் அழுதுவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. மடிப்பு உட்கார்ந்திருந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். “இதைத்தானே சார் ஒளிச்சு வெச்சேன்” என்றார். அது வாஸ்தவம். நான் கொஞ்சம் அசட்டையாக இருந்து, பழைய சக்கரத்தோடேயே படம் எடுத்துக்கொண்டு, மோசடி என்று எழுதிவிட்டுப் போயிருந்தால் வண்டி பழைய இரும்புக்கு வெட்டப்பட்டிருக்கும். அவருக்காகச் சாட்சி சொல்ல உலகத்தில் இருந்த ஒரே பொருளை அவரே சாக்குக்கு அடியில் போட்டு மூடி வைத்திருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் ஒரு கேள்வி கேட்டார். “மாட்டின அன்னிக்கே இன்சூரன்ஸ் ஆபீஸ்ல போய்ச் சொல்லியிருந்தா, வேணாம்னு தடுத்திருப்பாங்களா சார்?”

இல்லை, கொஞ்சம் பிரீமியம் கூட வாங்கிக்கொண்டு எழுதிவைத்திருப்பார்கள், அவ்வளவுதான் என்றேன்.

“யாராவது ஒருத்தர் வேணாம்னு சொல்லியிருக்கலாம்” என்றார். சக்கரம் காரணம் இல்லை என்று இப்போதுதானே சொன்னேன் என்று எனக்கு வாய் வரை வந்தது. ஆனால் அவர் என்னிடம் பதில் கேட்கவில்லை.

நீங்களே வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சொல்ல முடியுமா, நான் சொன்னால் அவள் நம்பமாட்டாள் என்று கேட்டார். சர்வேயர் அதையெல்லாம் செய்யக்கூடாது. ரிப்போர்ட்டைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். ஆனாலும் அவரைப் பின்னால் உட்காரவைத்து, ஸ்கூட்டரை ஈஜிபுராவுக்கு விட்டேன்.

அந்த அம்மாவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து, பார்த்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். மடிப்பையும் கிழிசலையும் என் இரண்டு கையையும் வைத்துக் காட்டினேன். குறுக்கே பேசாமல் கேட்டார். நான் முடித்ததும் பையனின் படத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“அப்ப அந்தப் பசங்க மேல தப்பில்லையா அண்ணா?”

“இல்லம்மா. சக்கரத்து மேலயே தப்பில்ல.”

“வீடு தேடி வந்த புள்ளைங்கள வாசல்ல வெச்சு ஏசிட்டேனே. எவ பெத்த புள்ளைங்களோ. அவங்க கை வெளங்காம போவணும்னு சொல்லிட்டேனே…” தலையில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தார். அவர்களைக் கூட்டிவாங்க, நான் மன்னிப்புக் கேட்கணும் என்று கணவரைப் பார்த்துச் சொன்னார்.

கணவர் நின்றுகொண்டே இருந்தார். “அவங்க மாட்டலம்மா. நான்தான் வாங்கிக் குடுத்தேன்” என்றார்.

எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. அந்த அம்மா கத்துவார், இத்தனை நாள் வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து இவர் மேல் கொட்டுவார் என்று நினைத்தேன். அவர் கணவரின் முகத்தைப் பார்த்தார். பிறகு அவருடைய வலது கையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு ஏதோ விளங்கியது.

“அதுக்குத்தான் ஸ்பூன்ல சாப்புட்டீங்களா?”

அவர் கையைப் பின்னால் கொண்டுபோனார்.

“நான் சொன்ன அன்னியிலேர்ந்தா? இத்தினி நாளா? கையில ஏதோ புண்ணுன்னீங்களே…”

அந்தக் கையைப் பிடித்துக் கீழே இழுத்தார். அவர் உட்கார்ந்தார். அந்த அம்மா அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு, புறங்கையையும் உள்ளங்கையையும் புடவைத் தலைப்பால் துடைத்தார். ஒன்றும் ஒட்டியிராத கையை, விடாமல் துடைத்துக்கொண்டே அழுதார். கேரேஜில் அழாத அந்த மனிதர் அப்போதுதான் வாய்விட்டு அழுதார். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் படியிறங்கினேன். ஸ்கூட்டரை உடனே ஸ்டார்ட் செய்ய முடியவில்லை.

ரிப்போர்ட்டில் எல்லாவற்றையும் எழுதினேன். பாலிசியில் சொல்லாத சக்கரங்கள் என்றும், கழற்றியிருந்தார்கள், நான் சொல்லித் திரும்ப மாட்டினார்கள் என்றும், விபத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இல்லை என்றும் எழுதினேன். கம்பெனியில் சும்மா விடவில்லை. இழுத்தடித்தார்கள், என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் குடைந்தார்கள், படங்களைக் கேட்டார்கள். கடைசியில் காருக்கு மட்டும் கொடுத்தார்கள். சக்கரங்களுக்குக் கிடையாது. பணம் கொடுத்துவிட்டால் நொறுங்கிய கார் கம்பெனிக்குச் சொந்தம், பாலிசியில் இல்லாத சக்கரங்கள் அப்படி இல்லை. நொறுங்கிய காரைப் பழைய இரும்புக்காரர்கள் எடுத்துக்கொண்டு போனபோது, அந்த நாலு சக்கரங்கள் மட்டும் கேரேஜில் மிஞ்சின. அப்பா ஆட்டோவில் வந்து எடுத்துக்கொண்டு போனதாகவும், அந்த அம்மாதான் கொண்டுவரச் சொன்னார் என்றும் கேரேஜ்காரர் பிறகு சொன்னார். அந்த வீட்டுக்கு நான் மறுபடி போகவில்லை. அன்று இரவு அவர் கையால் பிசைந்து சாப்பிட்டாரா என்று கேட்கவும் இல்லை.

அந்த வேலையை விட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. இப்போதும் தெரிந்தவர்கள் யாராவது காருக்குப் புதுச் சக்கரம் மாட்டிக்கொண்டு வந்து காட்டினால், “இன்சூரன்ஸ்ல சொல்லிட்டியா?” என்றுதான் முதலில் கேட்பேன். இவனுக்கு இன்னும் கம்பெனி விசுவாசம் போகவில்லை என்று சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். எவ்வளவோ விபத்துகளுக்குக் காரணம் எழுதியிருக்கிறேன், அவற்றில் பெரும்பாலானவை மறந்தும் போய்விட்டன. ஆனால் யாராவது இட்லியை ஸ்பூனால் விண்டு சாப்பிடுவதைப் பார்த்துவிட்டால் மட்டும், பாவம், இந்த மனிதருக்கு என்னவோ என்று இன்றைக்கும் என் கண் அவருடைய வலது கைக்குத்தான் போகிறது.